நூற்று முப்பத்தொன்பதரை அங்குலம்

ஜூன் 4

இந்த டைரி ஜவுளிக்கடை ஒன்றில் இனாமாகக் கொடுத்தது. முன்பக்கத்திலிருந்து வாடிக்கையாளர்களின் அளவுகளை எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து என் சொந்தக் கதை. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் நாளில் வேறு டைரி பார்க்க வேண்டும்.

இன்று பிளவுஸ் மூன்று முடித்தேன். நான்காவதில் கை வைக்கும்போது மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்கள். கமலவேணி குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கூடியிருந்தோம். கட்டடத்தின் சொந்தக்காரரான பெரியவர் காலமான பிறகு அவருடைய மகன் முரளி வாடகை வாங்கத் தவிர எதற்கும் வந்ததில்லை. இன்று லட்டு டப்பாவோடு வந்திருந்தார். அப்போதே ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

“கட்டடத்த மொத்தமா யாருக்கோ தூக்கிக் குடுக்கறதுக்கு மனசு வர்லீங்க,” என்றார். “அவங்கவங்க குடியிருக்கற வீட்ட அவங்கவங்களே வாங்கிக்குங்க. பால்கனி கணக்குல சேராது. மத்தபடி பிளான்ல பன்னெண்டு வீடும் ஒரே அளவு. அதனால எல்லாத்துக்கும் ஒரே வெலைதானுங்க.”

அதற்கு நகரமைப்பு அலுவலகம் சம்மதிக்க வேண்டுமாம். இதுவரை இது ஒரே சொந்தக்காரரின் ஒரே கட்டடம், நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். இதைப் பன்னிரண்டு சொந்த வீடுகளாகப் பிரிக்க அனுமதி வேண்டும். சங்கச் செயலாளர் சபாபதி சார் விளக்கினார். தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விளக்கம் கேட்க ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார். வாசலில் போர்டு வைப்பார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிப் போடலாம், அதிகாரிகள் வந்து பிளானையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எல்லாம் சரியாக இருந்தால் ஆவணியில் பத்திரம்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் மில்லில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். அந்தப் பணத்தை எதற்கும் தொடாமல் வைத்திருக்கிறோம். மாடிப்படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, “பாக்கியம், நமக்கும் ஒரு ஊடு,” என்றார். இருபத்திரண்டு வருடம் வாடகை கொடுத்த வீடு.

அப்போதுதான் ஹேமலதா பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டாள். “பாக்கியக்கா! நம்ம ரெண்டு பேருக்கும் சொந்த வீடு!”

நம்ம ரெண்டு பேருக்கும். ஒரே விலை. எனக்கு மூன்றாம் நம்பர், அவளுக்கு ஏழாம் நம்பர்.

லட்டில் முந்திரி இல்லை.

ஜூன் 5

மூன்றாம் நம்பர் என்றால் தரைத்தளம், பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் மூன்றடியில் மதில் சுவர். தண்ணீர்த் தொட்டி மோட்டார் என் படுக்கையறைக்கு நேர் வெளியே. காலை ஐந்தரைக்கு அதைப் போட்டால் கட்டில் ஆடும். பகலிலும் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் தைக்கிறேன். கண்ணாடியின் பவர் இரண்டு முறை ஏறிவிட்டது.

ஏழாம் நம்பர் முதல் மாடி, ரோட்டுப் பக்கம். போதாததற்குப் பால்கனி. பிளானில் அது திறந்த பால்கனி. ஹேமா வந்த இரண்டாம் வருடமே பாதிச் சுவர் எழுப்பி, கண்ணாடி ஜன்னல் வைத்து, அறையாக்கிவிட்டாள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அதில் அவளுடைய மாமனார் படுத்திருக்கிறார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று நேரே அவர் தலைமாட்டில்தான் வந்து இறங்குகிறது. ஒரு படுத்த படுக்கைக் கிழவருக்குக் கிடைக்கிற காற்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆக, ஒரே விலைக்கு எனக்கு இரண்டு அறை, அவளுக்கு மூன்று. இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உள்ளதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஏழாம் நம்பர் காலியானபோது முதலில் கேட்டவள் நான். இவரைத்தான் பெரியவரிடம் அனுப்பினேன். “யோசிச்சுச் சொல்றேன்னாரு,” என்று வந்து சொன்னார். பத்தே நாளில் ஹேமா சாமான் வண்டியோடு வந்து இறங்கினாள். கணவன் மஸ்கட்டில். என்ன பேசி வாங்கினாளோ. சிரித்தால் குழி விழுகிற கன்னம் வேறு.

ஜூன் 9

ஹேமா அந்த அறைக்குத் திரை தைத்துத் தரச் சொன்னாள். சொந்த வீடாகப் போகிறதே, இனி என்ன. அளவெடுக்க மேலே போனேன்.

மாமனார் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் கோணியிருந்தாலும் குரல் தெருமுனை வரை போகும். கேட்டில் நுழைகிற பால்காரர், கீரைக்காரம்மா, கூரியர் பையன்கள் எல்லாருக்கும் பேர் சொல்லி ஒரு கேள்வி வைத்திருப்பார். எனக்கு தினமும் ஒரே கேள்விதான், “பாக்கியம்! தண்ணி வந்துருச்சா?” மோட்டார் என் தலைமாட்டில் ஓடுவதால் நான்தான் இந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் அதிகாரி.

ஹேமா டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். தையல் டேப் அறுபதோடு முடிந்துவிடும். இரண்டு முறை வைத்து, மிச்சம் பத்தொன்பதரை.

“நூத்தி முப்பத்தொம்பதரை,” என்றேன்.

“அடிக் கணக்குல எவ்வளவுங்கக்கா?”

“அடியெல்லாம் கொத்தனாருக்குக் கண்ணு. எனக்கு எல்லாமே அங்குலம்தான். கதவா இருந்தாலும் ரவிக்கையா இருந்தாலும்.”

அவள் சிரித்தாள். “உங்க வாயிலதானுங்க்கா இப்படி ஒரு கணக்கே கேக்கறேன்.”

காப்பி போட உள்ளே போனாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முந்தானை பறந்து முகத்தில் விழுந்தது. என் பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். விளக்கில்லாமல் கோத்துப் பார்த்தேன். ஒரே தடவையில் போயிற்று. கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிச்சம் நல்லாருக்குதா?” என்று கேட்டார்.

நல்லாருக்குதுங்க என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூன் 13

ஹேமா ஆறு மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்று அமுங்கியிருந்தது.

ஜூன் 17

வாசலில் போர்டு வைத்துவிட்டார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து. எந்தத் தேதிக்குள், எந்த முகவரிக்கு ஆட்சேபணை அனுப்ப வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. தயிர் வாங்கப் போகும்போது ஒரு முறை படித்தேன். வரும்போது ஒரு முறை.

இவர் இன்று ஹேமா வீட்டில் மிக்ஸி பழுது பார்த்துவிட்டு வந்து, “அங்க என்னமா காத்து வருது பாக்கியம், எந்திரிச்சு வரவே மனசில்ல,” என்றார். அப்படியானால் அங்கேயே இருந்துகொள்ள வேண்டியதுதானே என்றேன். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார்.

ஜூன் 20

திரையைத் தொங்கவிட்டு வந்தேன். மாந்தளிர் நிறம். ஒவ்வொரு மடிப்பும் ஒரே அகலம். இந்த ஊரில் இப்படி யாரும் தைக்கமாட்டார்கள்.

ஜூன் 24

நான்கு நாளாக இதே பேச்சு. ரோட்டிலிருந்து பார்த்தாலே அந்தத் திரை தெரிகிறது. காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது. ஐந்தாம் நம்பர் அம்மா, “ஹேமாவுக்கு என்ன ரசனை பாருங்க,” என்றார். சபாபதி சார் மனைவியும் ஹேமாவுக்கு ரசனை என்றார். இஸ்திரிக்காரர் கூட. துணி வாங்குவது ரசனை, நாலு நாள் குனிந்து தைப்பது கூலி வேலை. ஒருவர் வாயிலிருந்தாவது பாக்கியம் தைத்தது என்று வந்ததா?

அவளே சொல்லியிருக்கலாம். சொன்னாளோ என்னவோ. என் காதுக்கு வரவில்லை.

இன்று பாவாடைக்கு ஓரம் அடிக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. இத்தனை வருடத்தில் இரண்டாவது தடவை.

ஜூன் 25

பட்டன் வாங்க டவுன்ஹால் வரை போய்வந்தேன். பஸ்ஸில் ஒரே கூட்டம். தபால்பெட்டி வெயிலில் சுட்டது.

இடது கை ஏனோ வலிக்கிறது. பழக்கமில்லாத வேலை.

ஜூன் 26

பிளவுஸ் இரண்டு. சேலைக்கு ஃபால்ஸ் நான்கு. மனது லேசாக இருக்கிறது. ஹேமா கீழே வந்து பேசிக்கொண்டிருந்தாள். நன்றாகவே பேசினேன். முறுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 8

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். கையில் பழைய பிளான். எல்லா வீட்டுக்குள்ளும் போனார்கள். என் வீட்டில் ஐந்து நிமிடம் கூட இல்லை. மதில் சுவரை அளந்தார்கள், மோட்டாரைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஏழாம் நம்பரில் முக்கால் மணி நேரம்.

போகும்போது சபாபதி சாரிடம் மெதுவாக ஏதோ சொன்னார்கள். அவர் முகம் தொங்கிவிட்டது.

“என்னங்க சார்?” என்று நானே கேட்டேன்.

“மொட்டைக் கடுதாசி ஒண்ணு போயிருக்குதும்மா. பேரும் இல்ல, ஊரும் இல்ல. ஏழாம் நம்பர் பால்கனிய மூடி ரூம் கட்டியிருக்காங்கன்னு. எழுத்துல வராம இருந்தா வேற மாதிரி பேசிப் பாத்திருக்கலாம். இப்ப ஃபைல்ல ஏறிருச்சு.”

“அப்ப ஏழாம் நம்பருக்கு மட்டும் நின்னுருமுங்களா?”

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

ஜூலை 12

எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்.

ஏழாம் நம்பருக்கு மட்டும் இல்லையாம். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே ஃபைலாம். ஒரு வீடு பிளான்படி இல்லை என்றால் கட்டடமே பிளான்படி இல்லை. மொத்தமும் நின்றுவிடும். முரளி லட்டு டப்பா இல்லாமல் வந்திருந்தார். ஆடி முடிவதற்குள் இது சரியாகாவிட்டால் சொத்தில் பங்குள்ள தன் தம்பிகள் காத்திருக்க மாட்டார்கள், கட்டடத்தை இடிப்பதற்காகவே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நிலத்தோடு கொடுத்துவிடுவார்கள் என்றார். மூன்று மாத அவகாசத்தில் எல்லாரும் காலி செய்ய வேண்டும். இவர் என் பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனுவின் நகலைச் சபாபதி சார் வாங்கி வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். “ஏழாம் எண் வீட்டில் நூற்று முப்பத்தொன்பதரை அங்குல நீளமுள்ள பால்கனியைச் சட்டவிரோதமாக மூடி அறையாக்கிப் பயன்படுத்தி வருகிறார்கள். நேர்மையாக வாழ்பவர்களுக்கு இது அநீதி.”

“இதென்னங்க, நூத்தி முப்பத்தொம்பதரை அங்குலம்?” என்று பதினோராம் நம்பர் ஆறுச்சாமி சிரித்தார். “பதினொண்ணரை அடின்னு எழுதத் தெரியாதா அவனுக்கு?”

அவர் சிரித்ததாலேயே எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஹேமாவோடு போன மாதம்தான் சண்டை போட்டவர். ஐந்தாம் நம்பர் அம்மா வெளிப்படையாகவே முறைத்தார். நானும் அவரைத்தான் பார்த்தேன்.

ஹேமா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்வையைத் திருப்பாமலே கேட்டாள், “என்ன பண்ணோணுமுங்க சார்?”

“ரெண்டு வழிதாம்மா. எழுதுனவங்க மனுவ வாபஸ் வாங்கோணும். இல்லீனா பால்கனி பிளான்ல இருக்கற மாதிரி ஆகோணும்.”

“எழுதுனவங்களை எங்கீங்க போய்த் தேடறது. நான் எடுத்தர்றனுங்க. எங்கூடு ஒண்ணுக்காகப் பதினோரு வீடு நிக்க வேண்டாம்.”

“மாமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பின்னாடி ரூம்ல படுக்க வெச்சுக்கறேன்.”

எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஐந்தாம் நம்பர் அம்மா அழுதார். ஹேமா என்ன செய்தாலும் அதில் அழகாகத்தான் தெரிகிறாள். நான் செய்த காரியத்தில் கூடப் பேர் அவளுக்குத்தான் கிடைக்கிறது.

ஜூலை 13

காலையில் இந்த டைரியை முன்பக்கமாகத் திறந்தேன். ஜூன் 9. “ஹேமா. திரை. 139½.” என் கையெழுத்து.

பதினொன்றரை அடி என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எனக்கு அப்படி வராது. இடது கையால் எழுதினால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

அவள் டேப்பின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் சோறு போடும்போது இவரிடம் கத்தினேன். ஒன்பது வருடத்துக்கு முன்பே அந்த வீடு நமக்குக் கிடைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது, அவள் எதையோ பேசி நம் வீட்டைத் தட்டிக்கொண்டு போனாள் என்றேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாத பாக்கியம். பெரியவரு எனக்குத்தான் தர்றேன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“என்னது?”

“அப்பவே முட்டி போயிருச்சு. மில்லுல நின்னுட்டு வந்து படி ஏற முடியாது. உங்கிட்டச் சொன்னா, ஏறிப்போலாம் வாங்கன்னு நீ என்னைய ஏத்தியிருப்ப.”

ஏற்றித்தான் இருப்பேன்.

இந்த ஒன்பது வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் இந்த மனிதர் பிடுங்கிக்கொண்டார். காரணம் போனபிறகு கோபமும் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. பொறாமைதான். எழுதிவிட்டேன். இதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்.

ஜூலை 15

நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். இவரிடம் பட்டன் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

இரண்டாவது மாடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கமலவேணி ஃபைல் என்றதும் எடுத்து வைத்தாள். மேலேயே என் கடிதம். கோணல் கோணலாக எழுத்து, சின்னப் பிள்ளை எழுதியது மாதிரி.

“இத வாபஸ் வாங்கோணுமுங்க,” என்றேன்.

“நீங்க எழுதுனதுங்களா?”

“இல்லீங்க. தெரிஞ்சவங்க. அவங்களுக்கு இப்ப ஆட்சேபணை இல்லீங்களாம்.”

“பேரே இல்லாத மனுவுக்கு வாபஸ் யாருங்கம்மா குடுக்கறது?” அவள் சிடுசிடுக்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னாள். “எழுதுனவங்க நேர்ல வந்து, இத நாந்தான் எழுதுனேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும். அப்ப வாபஸ்னு சேத்துக்கலாம். உங்க சங்கத்துக்கும் ஒரு நகல் போயிரும்.”

“சங்கத்துக்குமுங்களா?”

“ஆமாங்க. மனு நகல் குடுத்தோமல்லங்க, அதே மாதிரி.”

மேசையில் ஒரு பேனா நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள். நகலைச் சபாபதி சார் மொட்டை மாடியில் நின்று படிப்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் படிப்பார். “தனபாக்கியம், க/பெ சென்னியப்பன், மூன்றாம் எண்.” ஐந்தாம் நம்பர் அம்மா, இஸ்திரிக்காரர், இவர்.

எனக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டது. “சீக்கிரமுங்கம்மா,” என்றார்.

அவங்களையே வரச் சொல்றனுங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே வந்து பட்டன் வாங்கினேன். இரண்டு டஜன். இங்கே நம் தெருவிலேயே கிடைக்கிற பட்டன்தான்.

ஜூலை 19

ஆடி பிறந்து மூன்றாம் நாள். நல்ல காரியம் எதுவும் தொடங்காத மாதம் என்று பார்த்தால், இடிப்பதற்குத் தடை இல்லை போலிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் வந்து ஜன்னல்களைக் கழற்றினார்கள். பிறகு பாதிச் சுவரை ஒரு ஓரத்திலிருந்து இடிக்கத் தொடங்கினார்கள். தூள் என் ஜன்னல் வரை வந்தது. தையல் மிஷினை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன்.

கிழவரை நாற்காலியோடு தூக்கினார்கள். இவரும் ஆறுச்சாமியும் ஒரு பக்கம் பிடித்தார்கள். முட்டி வலிக்குப் படி ஏறவே முனகுகிற மனிதர், இன்று ஆளைத் தூக்கவே ஏறிவிட்டார். ஜன்னல் இருந்த இடம் வழியாகக் கிழவர் கடைசியாக ஒரு தடவை கீழே பார்த்தார். என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். சுவர் உடைக்கிற சத்தத்தில் கேட்கவில்லை. கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

“வந்துருச்சுங்க,” என்று சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்காது.

ஜூலை 27

மழையும் காற்றுமாக இருக்கிறது. அந்தப் பால்கனியில் இப்போது ஒன்றும் இல்லை, ஈரத் தரை மட்டும். பால்காரர் கேட்டில் நுழையும்போது பழக்கத்தில் மேலே பார்க்கிறார். கீரைக்காரம்மா இரண்டு நாள் கூவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நான் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹேமா மாடிப்படியில் எதிரே வந்தாள். “சாப்டீங்களாக்கா?” என்றாள். அதே குரல், அதே குழி. ஆறுச்சாமியைத்தான் இன்னும் எல்லாரும் ஜாடை பேசுகிறார்கள். அவர் என்னிடம் வந்து, “நான் இல்லீங்கக்கா, எங்க அம்மா மேல சத்தியமா,” என்றார். எனக்குத் தெரியும் என்று வாய் வரை வந்தது. நம்பறனுங்க என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். ஏழாம் நம்பரிலிருந்து எல்லா வீட்டுக்கும் தட்டு வந்தது. எனக்கும்.

தட்டைக் கழுவிக் கொடுக்க மேலே போனேன். கதவு வரைதான். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை, வெளியே நில்லுங்க என்றும் சொல்லவில்லை. பின்னறையிலிருந்து, “யாரு?” என்று கேட்டது. குரல் சின்னதாகிவிட்டது.

“கீழ் வீட்டு அக்காங்க மாமா,” என்றாள்.

என் பேரைச் சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்வாள்.

ஆகஸ்ட் 11

அதிகாரிகள் திரும்ப வந்தார்கள். பதினைந்து நிமிடம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 20

அனுமதி வந்துவிட்டது. சபாபதி சார் பாயசம் கொடுத்தனுப்பினார். இவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

செப்டம்பர் 4

பத்திரம் பதிந்தாயிற்று. விரலில் மை இன்னும் போகவில்லை. எல்லாரும் ஒரே நாளில், ஒரு வேனில் போனோம். எனக்கு அடுத்தவளாக ஹேமா விரல்ரேகை வைத்தாள். ஒரே விலை. இப்போது ஒரே அளவும்தான். எனக்கு இரண்டு அறை, அவளுக்கும் இரண்டு. நான் கேட்டது இதைத்தானே.

வீட்டுக்கு வந்து இவர் கதவில் மஞ்சள் பொட்டு வைத்தார். மதில் சுவர் பக்கத்து ஜன்னலுக்கும் ஒன்று. “இனி இது நம்ம சுவரு பாக்கியம், பாத்துக்க,” என்றார். சிரித்தேன். பிறகு சமையலறையில் போய் அழுதேன், எதற்கென்று சரியாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 9

இன்று மத்தியானம் ஹேமா வந்தாள். கையில் மாந்தளிர் நிறத் திரை, மடித்து, இஸ்திரி போட்டு. மிஷின் மேல் வைத்தாள்.

“அக்கா, இது இனி எனக்கு ஆகாது. பின்னாடி ரூம் ஜன்னலுக்குச் சின்னதாக்கித் தர்றீங்களா? சுவத்தப் பாத்துட்டே படுத்திருக்காரு. ஏதாச்சும் ஆடினா பாத்துட்டு இருப்பாரு.”

“சரி கண்ணு,” என்றேன். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். “வா, மேல வந்து அளவு எடுத்தர்றேன்.”

“வேண்டாங்க்கா,” என்றாள். “நானே எடுத்துட்டு வந்துட்டேன்.”

ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம், அழகான எழுத்து. அகலம் 47½. உயரம் 51.

“அங்குலத்துலயே போட்டிருக்கேன்,” என்றாள். “உங்களுக்கு அதுதானே தோது.”

நான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நினைத்தேன்.

“மிச்சத் துணி நெறையா வரும். நீங்களே வெச்சுக்குங்க்கா. உங்க ஜன்னலுக்குப் போதும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதே காரியத்தை அவள் எனக்குச் செய்திருந்தால் நான் தெருவைக் கூட்டியிருப்பேன். மொட்டை மாடியின் நடுவில் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். ஆறுச்சாமியின் பேர் கெட்டுப்போவது தெரிந்தும் சும்மா இருந்திருக்க மாட்டேன். இல்லை, அது பொய். அதைத்தான் இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அவளால் முடிகிறது, வந்து, அளவைக் கொடுத்து, சாதாரணமாகப் படியேறிப் போக. அறையைப் பிடுங்கியாயிற்று, காற்றைப் பிடுங்கியாயிற்று, ஆனாலும் என்னிடம் இல்லாத ஒன்று இன்னும் அவளிடம் இருக்கிறது. அதற்கு எந்த அலுவலகத்துக்கு எழுதிப் போடுவது?

சாயங்காலம் பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். நானே தைத்தது. கெட்டித் தையல். பகல் வெளிச்சம் போதவில்லை, டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டேன். பாதி பிரித்தபிறகு எழுந்து, வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். வலது கையால் என் பேரை எழுதினேன். மூன்றாம் எண் என்றும் எழுதினேன். சபாபதி சார் வீட்டில் இப்போது விளக்கு எரிகிறது, ஆறுச்சாமி அங்கேதான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், குரல் கேட்கிறது.

தாள் மிஷின் மேல் இருக்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.